ஒரே பேட்டரிக்கு இரண்டு கீறல்

"வாங்க மச்சான்" என்று என் தங்கை வீட்டுக்காரன் என்னைக் கூப்பிட்ட காலையில்தான், எங்கள் பேட்டரி விஷயத்தில் ஏதோ திருட்டுத்தனம் நடக்கிறது என்று எனக்கு உறுதியானது.

மரியாதையாகத்தானே கூப்பிட்டிருக்கிறான், இதில் என்ன தப்பு என்று வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றும். மரியாதைதான் தப்பு. அவனும் நானும் மரக்காணம் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒருவனைப் பார்த்து ஒருவன் எழுதி, ஒரே பரீட்சையில் ஃபெயிலானவர்கள். அவன் என் தங்கையைக் கட்டிக்கொண்ட பிறகும் நான் அவனை "டேய் மச்சான்", அவன் என்னை "டேய் மாப்ள" என்று முறையைத் தலைகீழாக்கித்தான் கூப்பிட்டுக்கொள்வோம். யார் பெண் கொடுத்தவன், யார் எடுத்தவன் என்பதெல்லாம் பெரியவர்கள் எதிரில் மட்டும் ஞாபகம் வரும். "ங்க" என்பது பேங்க் மேனேஜருக்கும் கரண்ட் ஆபீஸ்காரருக்கும் கொடுப்பது. சொந்தக்காரன் திடீரென்று "ங்க" போட்டால் ஒன்று கைமாத்து கேட்கப்போகிறான், இல்லையென்றால் பேச்சை நிறுத்தப்போகிறான். அன்றைக்கு அவன் கைமாத்து கேட்கவில்லை.

பேட்டரிக்கு வருகிறேன்.

நாங்கள் இரண்டு பேரும் ஷீட் போடுகிறவர்கள். இரும்புச் சட்டத்தின் மேல் சிமெண்ட் ஷீட்டை ஏற்றி, ஓட்டை போட்டு, கொக்கி போல வளைந்த போல்ட்டை மாட்டி முடுக்குவது வேலை. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துவிட்டுப் போனதற்கு அடுத்த வருஷம் அது. கரையோரம் பூராவும் எதையாவது கட்டிக்கொண்டே இருந்தார்கள். எங்களைப் போல சுமாரான வேலைக்காரர்களையும் வீடு தேடி வந்து கூப்பிட்டார்கள் என்றால் எவ்வளவு வேலை இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் உப்பளத்துப் பக்கம் போய்விட்டால் கரண்ட் கம்பமே கிடையாது. மைக் செட்டுக்காரரிடம் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுப்போம். ஊரில் ஒரு காதுகுத்து வந்தால் போதும், ஜெனரேட்டர் பாட்டுப் பாடப் போய்விடும். நாங்கள் கையால் சுற்றும் டிரில்லை நெஞ்சில் அழுத்திக்கொண்டு, மாவாட்டுவது போல ஆட்டிக்கொண்டு இருப்போம்.

அப்போதுதான் பாண்டிச்சேரியில் ஒரு கடையில், ஒயரே இல்லாத டிரில்லிங் மிஷின் இருக்குது என்று மச்சான் கண்டுபிடித்துக்கொண்டு வந்தான்.

நான் பிறவிச் சந்தேகக்காரன். ஓட்டலில் தோசை வந்தால் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவேன். அந்தக் கடையில் டை கட்டிய விற்பனைப் பையன் மிஷினை எடுத்து ஒரு தேக்குக் கட்டையில் சர்ரென்று ஓட்டை போட்டுக் காட்டியபோது, எல்லோரும் ஓட்டையைப் பார்த்தார்கள். நான் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தேன்.

"என்ன சார் தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல தம்பி. ஒயர் எங்கயாவது ஒளிஞ்சிருக்குதான்னு பாத்தேன்."

மச்சான் தலையில் அடித்துக்கொண்டான். பையன் கோபப்படவில்லை. அவன் பயிற்சி அப்படி. "சார், இது வெறும் மிஷின் கிடையாது சார். இது ஒரு ஃபேமிலி. ஒரே பேட்டரிதான். டிரில்லுக்குப் போடலாம், ரம்பத்துக்குப் போடலாம், டார்ச் லைட்டுக்குப் போடலாம். ஃபேமிலியில யாரை வாங்குனாலும் பேட்டரி சேரும்."

"வேற கம்பெனி பேட்டரி?"

"அது சேராது சார். இதுக்கு இதுதான் சேரும்."

"டேய் மாப்ள, நம்ம ஊரு மாதிரியே பேசறான்டா," என்றான் மச்சான் என் காதில். "சொந்தத்துலதான் கட்டணுமாம்."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரிக்க வேண்டிய இடம் அதுவல்ல என்று இப்போது தெரிகிறது. மேஜைக்கு அடியில் பார்த்த நேரத்தில் 'ஃபேமிலி' என்ற அந்த ஒரு வார்த்தைக்கு அடியில் பார்த்திருக்கலாம். பெண் எடுத்த வீட்டோடு கடைசி வரைக்கும் கொடுக்கல் வாங்கல் வைத்தே தீரவேண்டும். அவர்கள் நொடித்துப்போனால் நாமும் சேர்ந்துதான் முழிக்கவேண்டும். இது தெரிந்த ஜாதியில் பிறந்த நான், ஒரு பச்சைக் கலர் மிஷினிடம் கோட்டைவிட்டேன். என் மனைவி எடுத்த சீட்டும் என் தங்கை எடுத்த சீட்டும் சேர்ந்து போய் ஒரு டிரில், ஒரு சின்ன ரம்பம், ஒரு டார்ச், ஒரு சார்ஜர், இரண்டு பேட்டரி என்று திரும்பி வந்தன. சார்ஜர் போதாது என்று அடுத்த மாதம் போய் இன்னொன்றும் வாங்கினோம். குடும்பம் வளர ஆரம்பித்துவிட்டது.

சாயங்காலமானால் ஆளுக்கு ஒரு பேட்டரி வீட்டுக்கு எடுத்துப்போய் சார்ஜ் போட்டுக் காலையில் கொண்டுவர வேண்டும் என்பது ஏற்பாடு. டார்ச் எங்கள் வீட்டில் இருக்கும், ரம்பம் அவன் வீட்டில். முதல் சில மாதம் நாங்கள்தான் ராஜா. உப்பளத்து வரப்பில் ஒயர் இல்லாமல் மிஷினைத் தூக்கிக்கொண்டு நடந்தால், உப்பு வாருகிற பெண்கள்கூட நின்று பார்ப்பார்கள். என் தங்கையும் அங்கேதான் உப்பு தூக்கிக்கொண்டிருந்தாள். "எங்க அண்ணன் போலீசு மாதிரி துப்பாக்கியோட வருது பாரு," என்பாள் பக்கத்தில் இருப்பவர்களிடம்.

வெயில் காலம் ஏறியது. பேட்டரி இறங்கியது. காலையில் முழுசாகச் சார்ஜ் ஏற்றிக் கொண்டுபோனால் நான்கைந்து ஷீட் முடிவதற்குள் மிஷின் கொட்டாவி விட்டு நின்றுவிடும். ஒன்று கொஞ்சம் பரவாயில்லை. இன்னொன்று சுத்த சோம்பேறி. இரண்டும் ஒரே அச்சு, ஒரே கலர். வேலை நடக்கும்போது மாற்றி மாற்றிப் போடுவோம். சாயங்காலம் கையில் கிடைப்பதை எடுத்துக்கொண்டு போவோம்.

நல்ல பேட்டரி என்னுடையது, அதை அவன் தினமும் எடுத்துக்கொண்டு போய், தன் சோம்பேறியை என் தலையில் கட்டுகிறான் என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. வந்த சந்தேகத்தை நான் எப்போதும் வெறும் வயிற்றோடு அனுப்புவதில்லை. அவன் வீட்டுப் பக்கம் போகும்போது கொல்லையைப் பார்த்தேன். சவுக்குக் கட்டை எல்லாம் ஒரே அளவாக, மழமழவென்று அறுத்து அடுக்கியிருந்தது. கோடாலியால் பிளந்த விறகு அப்படி இருக்காது; பேட்டரி ரம்பம் அறுத்தால்தான் அப்படி இருக்கும். அவன் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, கரண்ட் போன நேரத்தில் என் மனைவி டார்ச்சை உத்தரத்தில் கட்டிவிட்டு அதன் வெளிச்சத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவனும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதற்கு மறுநாள்தான் அந்த "வாங்க மச்சான்".

"வர்றேங்க மாப்ள," என்றேன் நானும். நான் மட்டும் விடுவேனா.

அதற்குப் பிறகு எங்களுக்குள் பொங்கிய மரியாதையைச் சொல்லி முடியாது. "ஏணிய பிடிங்க." "பிடிச்சிருக்கேங்க." "ஷீட்ட கொஞ்சம் தள்ளுங்க." "நீங்க தள்ளுங்க." பார்க்கிறவர்களுக்கு சர்க்கார் ஆபீசுக்குள் வந்துவிட்டது போல இருக்கும். நான் சாயங்கால இருட்டில் பேட்டரியை எடுத்துக்கொள்ளும்போது, அவன் பார்க்காத நேரமாகப் பார்த்து, நல்ல பேட்டரியின் அடியில் ஆணியால் ஒரு பெருக்கல் குறி கீறிவைத்தேன். இனிமேல் மாற்றட்டும், கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று.

என் தங்கைதான் முதலில் பயந்தாள். உப்புக்கூடையை இறக்கிவைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"ண்ணா, இன்னாத்துக்கு அவரும் நீயும் ங்க போட்டுக்கறீங்க?"

"மரியாதைம்மா."

"இந்த மரியாதையெல்லாம் எனக்குத் தெரியும். அம்மாவும் இல்ல அப்பாவும் இல்ல, ஒரு தெரு தாண்டி உன் வூடுதான் எனக்கு அம்மா வூடு. இன்னும் ரெண்டு ங்க போட்டீங்கன்னா அந்தத் தெரு அடைஞ்சிடும். அப்புறம் தீபாவளிக்கு நான் எங்க போயி நிக்கிறது, சார்ஜர்கிட்டயா?"

எனக்கு ஒரு ஜோக் வந்தது. சொல்லவில்லை. அவள் முகம் அப்படி இருந்தது. எங்கள் பக்கத்தில் அண்ணனும் புருஷனும் முறைத்துக்கொண்டால் சாப்பாடு நிற்காது, துணிமணி நிற்காது. அவள் அந்தத் தெருவில் நடப்பதுதான் நின்றுபோகும். அப்படி நின்றுபோன அத்தைகள் எங்கள் குடும்பத்திலேயே இருந்தார்கள்.

மழைக்காலம் நெருங்கும்போது ஒரு உப்பளத்துக்காரர் கூப்பிட்டார். வழக்கமாக உப்பை அம்பாரமாகக் குவித்துத் தென்னங்கீற்றால் மூடுவார்கள். இவர் அந்த வருஷம் பெரிய அம்பாரத்துக்கு ஷீட் போட்ட கொட்டகை கேட்டார். என் தங்கை வேலை செய்த அளமும் அதுதான்.

"ஏம்பா, மழைக்குள்ள முடிப்பீங்களா?"

"முடிச்சிடலாங்க."

"முடிக்கலன்னா உப்பு தண்ணியா போயிடும். அந்தத் தண்ணியிலதான் உங்க ரெண்டு பேரையும் ஊறுகா போடுவேன்."

சட்டம் நிறுத்தினோம். ஒரு பக்கம் ஷீட் ஏறியது. நடுவில் ஆயுத பூஜை வந்தது. எந்த வேலைக்காரனும் அன்றைக்கு ஆயுதத்தைத் தொடமாட்டான். எல்லாவற்றையும் கழுவித் துடைத்து எங்கள் வீட்டில்தான் படைத்தோம். சுத்தி, ஸ்பேனர், ஏணி எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கிற பொறுப்பு என்னுடையது. டிரில்லுக்கு வயிற்றில் வைத்தேன். பேட்டரிக்கு எங்கே வைப்பது? எல்லாப் பக்கமும் கறுப்பாக ஒரே மாதிரி இருந்தது. உச்சியில் மட்டும் பித்தளைத் தகடு இரண்டு பளபளவென்று, நெற்றி மாதிரி தெரிந்தது. இரண்டு பேட்டரிக்கும் அந்த இடத்தில் குழைத்த சந்தனத்தைக் கெட்டியாக அப்பி, மேலே குங்குமம் வைத்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது. மச்சானும் கும்பிட்டான். "நல்லா வெச்சிருக்கீங்க மச்சான்," என்றான்.

மறுநாள் அளத்தில் மிஷின் மூச்சுவிடவில்லை. மேலே ஷீட் விளிம்பில் குந்திக்கொண்டு விசையை அழுத்துகிறேன், அழுத்துகிறேன், ஒன்றுமில்லை. அடுத்த பேட்டரியைப் போட்டேன். அதுவும் பிணம். கடல் பக்கம் வானம் கருத்துக்கொண்டு வந்தது. அளத்துக்காரர் கீழே நின்று ஒரு தடவை வானத்தையும் ஒரு தடவை என்னையும் பார்த்தார்.

"பூஜைக்கு முந்தின ராத்திரி சார்ஜ் போட்டீங்களா மாப்ள?" என்றேன் மேலேயிருந்து.

"நான் போட்டேங்க. நீங்க?"

"நான் போடாம இருப்பேனா? நல்ல பேட்டரி வீட்டுலயே வெறகு அறுத்துக் களைச்சிடுச்சி போல இருக்குது."

"யாரு வீட்டுலங்க?"

"நான் யாரையும் சொல்லலீங்க."

"சொல்லாமதான் மச்சான் நீங்க சொல்வீங்க. எறங்கி வாங்க, இன்னிக்குப் பாத்துடலாம். எம்பேட்டரிக்கு நான் அடையாளம் வெச்சிருக்கறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீங்களும் வெச்சிருக்கீங்களா?"

இறங்கினேன். அளத்துக்காரர், கீற்று மூடிக்கொண்டிருந்த பெண்கள், அவர்களுக்கு நடுவில் என் தங்கை, எல்லோரும் கூடிவிட்டார்கள். ஒரு பேட்டரியைத் திருப்பினோம். அடி வெறுமையாக இருந்தது. இன்னொன்றைத் திருப்பினோம். என் பெருக்கல் குறி இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே, ஒட்டிக்கொண்டு, ஒரு வட்டம்.

"பெருக்கல் என்னுது," என்றேன்.

"வட்டம் என்னுது," என்றான்.

நன்றாக ஓடிய பேட்டரியை ஆளுக்கு ஒரு நாள் தன்னுடையது என்று முடிவு செய்து, ஒருவன் கீறல் ஒருவனுக்குத் தெரியாமல் இருட்டில் ஆளுக்கு ஒரு கீறல் போட்டிருக்கிறோம். சோம்பேறிப் பேட்டரிக்கு சொந்தம் கொண்டாட ஆளே இல்லை. அது அநாதையாக உப்பில் கிடந்தது.

"ஏம்பா, ஒரு பொண்ணுக்கு ரெண்டு தாலியா?" என்றார் அளத்துக்காரர். பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். என் தங்கை சிரிக்கவில்லை.

அப்போதுதான் என் விரலெல்லாம் சிவப்பாக இருப்பதைப் பார்த்தேன். குங்குமம். பித்தளைத் தகட்டின் மேல் சந்தனம் காய்ந்து வரட்டியாக ஒட்டியிருந்தது. கரண்ட் போகிற வாயை நானே பூசி மெழுகியிருக்கிறேன். வேட்டி முனையால் சுரண்டித் துடைத்துவிட்டுப் போட்டதும் மிஷின் சுற்றியது. எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் அடங்குவதற்குள் அது மறுபடி கொட்டாவி விட்டு நின்றுவிட்டது. இரண்டு பேட்டரிக்கும் ஆயுசு முடிந்திருந்தது. சந்தனத்தின் மேல் பழி போட்டுத் தப்பிக்கலாம் என்று நினைத்தேன்; அதற்கும் வழியில்லை. அந்தக் காலத்து பேட்டரிக்கு ஞாபகசக்தி உண்டாம். பாதி இறங்கும்போதே தினமும் சார்ஜ் போட்டால், தன் வயிறே அவ்வளவுதான் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுமாம். இதை ஒரு மெக்கானிக் பின்னால் சொன்னார். பள்ளிக்கூடத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்தே இல்லாத ஞாபகசக்தி, அதற்கு எதற்கு?

உடனே பஸ் பிடித்துப் பாண்டிச்சேரி போனோம். அதே கடை. டை மட்டும் வேறு. பையன் எங்கள் பேட்டரியைக் கையில் வாங்கி, தொல்பொருள் போலப் பார்த்தான்.

"இது பழைய மாடல் சார். கம்பெனியில நிறுத்திட்டாங்க. புது மாடல்ல அடி வேற ஷேப் சார், உங்க மிஷின்ல சேராது."

"ஃபேமிலின்னு சொன்னியே தம்பி?"

"ஃபேமிலிதான் சார். இப்ப புது ஃபேமிலி. ஃபுல் செட்டா எடுத்துட்டீங்கன்னா..."

மச்சான் என்னைப் பார்த்தான். நான் மேஜைக்கு அடியில் பார்த்தேன், பழக்க தோஷம். வெளியே வந்துவிட்டோம்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, நடுவில் பேட்டரிப் பையை எல்லைக்கல் மாதிரி வைத்துக்கொண்டு வந்தோம். "டிக்கெட் நான் எடுக்கறேங்க." "பரவால்லீங்க." கூனிமேட்டில் பஸ் நின்றபோது ஜன்னலில் சின்னத் தூறல் விழுந்தது. நான் உப்பு அம்பாரத்தை நினைத்தேன். அவன் பையிலிருந்து கீறல் பேட்டரியை எடுத்து, மடியில் வைத்துத் திருப்பி, தன் வட்டத்தையும் என் பெருக்கலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தான். சண்டைக்கு ஆரம்பம் என்று நினைத்து நானும் பதில் தயார் பண்ணிக்கொண்டேன்.

"டேய் மாப்ள," என்றான்.

அதில் "ங்க" இல்லை. தயார் பண்ணிய பதிலை விட்டுவிட்டேன். "என்னடா?"

"கீறலுக்கு நடுவுல பாருடா. பன்னெண்டு வோல்ட்டுன்னு போட்டிருக்குது. அளத்துக்காரர் டிராக்டர் பேட்டரியும் பன்னெண்டுதானடா?"

அதே அடியை அளத்தில் நானும்தான் குனிந்து பார்த்தேன். என் கீறல் தெரிந்தது. நம்பர் தெரியவில்லை.

விடிந்ததும் அளத்தில் போய் நின்றோம். ஒரு பேட்டரியை உடைத்து, உள்ளே இருப்பதை எடுத்துப்போட்டுவிட்டு, வெறும் கூட்டின் தகட்டில் ஒயரைப் பற்றவைத்து, மறுமுனையை டிராக்டர் பேட்டரியில் மாட்ட வேண்டும். எந்தப் பேட்டரியை உடைப்பது என்ற இடத்தில் இரண்டு பேரும் நின்றுவிட்டோம். இரண்டும் செத்ததுதான். ஆனாலும் கீறல் விழுந்ததைத் தொட இரண்டு பேருக்குமே கை வரவில்லை. "நீ சொல்லுடா." "நீ சொல்லு." மறுபடி ஒரு "ங்க" தூரத்தில் வருவது எனக்கே கேட்டது.

என் தங்கை கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்தாள். சுத்தியை எடுத்தாள். கீறல் பேட்டரியை வரப்பில் வைத்து ஒரே போடு.

"இவன்தான சண்டைக்காரன்," என்றாள். "இப்ப பங்கு பிரிச்சிக்குங்க."

அளத்துக்காரருக்கு வேறு சந்தேகம். "ஏம்பா, என் டிராக்டர் பேட்டரி எறங்கிடுச்சின்னா?" என்று, இஞ்ஜினை ஓடவிட்டு, சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஒயர் இல்லாத மிஷினுக்கு டிராக்டர் நீளத்துக்கு ஒயர். கொட்டகையைச் சுற்றி நாங்கள் நகர நகர அவர் டிராக்டரை நகர்த்தினார். "என்னாப்பா, ஒயரே கிடையாதுன்னு பெருமையா சொன்னீங்க, இது இன்னா வாலா?" என்று போகிற வருகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். கை டிரில்லையும் ஒரு பக்கம் சுற்றினோம். ஓட்டை விழுந்துகொண்டே இருந்தது.

கடைசி வரிசை போல்ட்டை முடுக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் உள்ளே ஓடி, அம்பாரத்துக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டோம். ஷீட்டின் மேல் மழை விழுகிற சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. உப்பு அப்படியே வெள்ளையாக நின்றது. ஒரு இடத்தில் மட்டும் சொட்டியது. போல்ட் இல்லாமல் ஒரு வெறும் ஓட்டை.

"அது நீ போட்ட ஓட்டைடா," என்றான் மச்சான்.

"போடா, நான் அந்தப் பக்கம் ஏறவே இல்ல. உன் ஓட்டைடா அது."

"உன் ஓட்டைதான்டா, கோணலா இருக்குது பாரு."

என் தங்கை சொட்டுகிற இடத்தில் கூடையைக் கவிழ்த்துவிட்டு, எங்கள் இரண்டு பேரையும் சண்டை போடவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துகொண்டாள். அந்த தீபாவளிக்கு விடியும்போதே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

டார்ச்சும் ரம்பமும் இன்னும் ஆளுக்கு ஒரு வீட்டு ஆணியில் தொங்குகின்றன; எந்த பேட்டரியும் சேராது. அந்த ஓட்டை யார் போட்டது என்பது இன்றுவரைக்கும் முடிவாகவில்லை. எனக்கு அவன் மேல்தான் சந்தேகம்.